நாவில் நின்ற கால்

"பாதியில் பாதி எவ்வளவு?" ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியில் 1909-ல் சேர்ந்த 13 வயது ஆல்பர்ட் இளவரசரை ஆசிரியர் இப்படிக் கேட்டாராம். 'குவார்ட்டர்' என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. பிள்ளை மக்கு என்று எண்ணிக்கொண்டார்கள். நானும் அந்த வயதில் திக்கியவன். விடை தெரியாதவன் மௌனமும் தெரிந்தவன் மௌனமும் வகுப்பறைக்கு ஒன்றுதான்!

1926-ல் இளவரசர் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் போனார். லோக்குக்கு வைத்தியப் பட்டம் கிடையாது. மூச்சுப் பயிற்சி கொடுத்தார். கூடவே நம்பிக்கையும் கொடுத்தார். மறு வருஷம் கான்பெராவில் பார்லிமெண்டுக் கட்டடத் திறப்பு விழாப் பேச்சு நல்லபடியாக நடந்தேறியது.

1939 செப்டம்பர் 3-ல், ஆறாம் ஜார்ஜ் மன்னராக யுத்தச் செய்தியை ரேடியோவில் சொன்னபோதும் இடையிடையே நிறுத்தி நிறுத்தித்தான் பேசினார். திக்கு அடியோடு போய்விடவில்லை. அதை வைத்துக்கொண்டே பேசி முடித்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.