பதிவேடுகளைத் திறப்போம்



1916 மே 9. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்க வகுப்பில், 25 வயது மாணவர் ஒருவர் இந்தியாவில் சாதிகளின் தோற்றம் குறித்துக் கட்டுரை வாசித்தார். அடுத்த ஆண்டு அது ‘இந்தியன் ஆன்டிகுவரி’ இதழில் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கரின் அந்தக் கட்டுரையை இன்றும் நாம் விவாதிக்கிறோம். அது ஒரு வகுப்பறையில் மாணவர் வாசித்த கட்டுரை என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். மாணவராலும் புதிய வரலாற்றை எழுத முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று நமக்கு வேண்டியதில்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2015இல், அதே பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் எரிக் ஃபோனர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மாணவர்கள் படிக்க வேண்டிய பாடம், அவர்கள் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழகமேதான். அதன் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து, அடிமை முறைக்கும் அந்நிறுவனத்துக்கும் இருந்த உறவைத் தேடினார்கள். முதல் 10 தலைவர்களில் குறைந்தது பாதிப்பேர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் என்பது வெளிப்பட்டது.

இதற்கும் முன்னோடி ஹார்வர்டு. 2007இல் ஸ்வென் பெக்கர்ட் நடத்திய வகுப்பில் சேர்ந்தவர்கள் 4 இளநிலை மாணவர்களே. அவர்கள் தொடங்கிவைத்த தேடல் மற்ற மாணவர்கள் வழியே தொடர்ந்தது. 2016இல் வாட்ஸ்வொர்த் இல்லத்தின் சுவரில் ஒரு பலகை பதிக்கப்பட்டது. டைட்டஸ், வீனஸ், பில்ஹா, ஜூபா. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹார்வர்டின் தலைவர்கள் இருவருக்கு அடிமைகளாக உழைத்த நால்வரின் பெயர்கள் அவை. 2022இல் அடிமை முறையின் விளைவுகளுக்குப் பரிகாரம் தேட 10 கோடி டாலர் ஒதுக்குவதாக ஹார்வர்டு அறிவித்தது. பணம் நீதியாகிவிடாது. ஆனால் நான்கு மாணவர்கள் உட்கார்ந்த ஒரு மேசையிலிருந்து இது இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நம் ஊருக்கு வருவோம். இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தன் ‘ஜீவிய சரித்திரச் சுருக்க’த்தில் கோயம்புத்தூரில் படித்த காலத்தை நினைவுகூர்கிறார். சுமார் 400 மாணவர்களில் 10 பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். தன் சாதியும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போனதாக எழுதுகிறார். பதிவேட்டில் எண்ணிக்கை இருக்கும். மணி அடிக்கும்வரை வெளியே காத்திருந்த பையன் இருக்கமாட்டான். பதிவேட்டையும் தன்வரலாற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போதுதான் முழு வரலாறு கிடைக்கிறது.

அவர் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழ் என்ன பேசியது என்பதை அறியவும் இதே வழிதான். சுதேசப் பத்திரிகைகளில் வந்தவற்றை ஆங்கில அரசு சுருக்கி மொழிபெயர்த்துத் தொகுத்து வைத்த அறிக்கைகள் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ‘பறையன்’ செய்திகளும் உண்டு. ஆனால் அது கண்காணித்தவனின் கையெழுத்து. எதை எடுத்தான், எதை விட்டான், ஏன் என்று கேட்காமல் அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்கக்கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் ஆய்வுப் பயிற்சி.

பழைய சேர்க்கைப் பதிவேடுகளை மாணவர்களோடு பார்க்க அனுமதி கேட்டு ஒரு கல்லூரிக்குப் போனோம். பழங்காகிதமெல்லாம் எடைக்குப் போட்டாயிற்று என்றார்கள். யார் படித்தார்கள், யார் பாதியில் நின்றார்கள், உதவித்தொகை யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான சாட்சியம் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கிறது. அன்று நாங்கள் வெறுங்கையோடு திரும்பினோம். இனி எந்த ஊரிலும் மாணவர்கள் அப்படித் திரும்பக்கூடாது.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவத்துக்கு ஒரு முறையாவது மாணவர்களுக்கு ஒரே ஓர் ஆவணம் கொடுங்கள். விடுதிப் பதிவேடு, ஆண்டறிக்கை, ஆட்சிக்குழுக் கூட்டக் குறிப்பு, எதுவானாலும் சரி. யார் எழுதியது, யாருக்காக எழுதியது, யார் பெயர் விடுபட்டது என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் இரண்டு பக்கம் வந்தால் போதும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பதிவேட்டில் உள்ள பெயர்களுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. சாதியை மறைத்துப் படித்து முன்னேறியவரை நம் ஆய்வு சந்தியில் நிறுத்தக்கூடாது. கணக்கை வெளியிடுவோம், உயிரோடிருப்பவர் பெயரை அவர் சம்மதமின்றி வெளியிடமாட்டோம்.

நம் முன்னோர்கள் பலர் இந்தக் கட்டடங்களின் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். நாம் உள்ளே வந்துவிட்டோம். காப்பக அறையின் கதவு இன்னும் பாக்கி இருக்கிறது. அதையும் தட்டுவோம்.

ஜெய்பீம்.