எந்த வேறுபாடு தனி வடிவமாக வேண்டும்? கைபேசி நிரலக வெளியீடும் முசலியின் ஆவணங்களும்

மன்னார் மாவட்டத்தின் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளுள் தெற்கே இருப்பது முசலி. அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, முள்ளிக்குளம் என்று கடலோரமாக நீண்டு வில்பத்துக் காட்டைத் தொட்டு முடிகிறது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது இப்பகுதியின் ஊர்கள் பல வெறுமையாயின. பெரும்பாலானோர் புத்தளத்தில் இரண்டு தசாப்தங்கள் வாழ்ந்து, 2009இல் போர் முடிந்த பிறகே திரும்பத் தொடங்கினர். முள்ளிக்குளத்தின் தமிழ்க் கத்தோலிக்கர்களும் 2007இல் ஊரைவிட்டு அகல நேர்ந்தது. திரும்பி வந்தவர்களின் உரிமை பெரிதும் காகிதத்தில் தங்கியிருக்கிறது. காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திணைக்களங்களின் பழைய கடிதம் என்று எதைக் கையில் எடுத்தாலும் அது தமிழிலோ சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ, சில வேளை ஒரே தாளில் மூன்றும் கலந்தோ இருக்கும்.

இத்தகைய தாளைக் கைபேசிக் கமராவால் படம் பிடித்து, அதிலுள்ள எழுத்தைப் பிரித்தெடுத்து, தேடவும் மொழிபெயர்க்கவும் தகுந்த உரையாக மாற்றும் செயலி இன்று எழுதக்கூடிய ஒன்றுதான். அது முசலியில் இணைய இணைப்பின்றி இயங்குமா என்பதில் செயலி எழுதுபவரின் திறமையைவிட வேறொன்று முந்திக்கொள்கிறது. அவர் எடுத்தாளும் எழுத்துணரி நிரலகத்தை அதன் ஆசிரியர்கள் எந்தெந்த வடிவங்களில், எந்தப் பெயர்களில் பொதிக் களஞ்சியத்தில் ஏற்றி வைத்தார்கள் என்பதே அது. வெளியீட்டு முறை வெறும் பொறியியல் வசதி பற்றியதாகவே பேசப்பட்டு வருகிறது. யாருக்கு மென்பொருள் எட்டும் என்பதைத் தீர்மானிக்கும் முடிவு அது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆண்ட்ராய்டு நிரலகம் ஒன்று ஒரே மூல நிரலிலிருந்து பல வடிவங்களாகக் கட்டப்படலாம். பிழை தேடுவதற்கான கட்டு, வெளியீட்டுக்கான கட்டு என்பது ஒரு வேறுபாடு. அதன்மேல் ஆசிரியர் விரும்பும் சுவைப் (flavor) பிரிவுகளைப் பரிமாணம் பரிமாணமாகச் சேர்க்கலாம். ஒவ்வொரு பரிமாணமும் முந்தியதைப் பெருக்கும். இரண்டு கட்டு வகை, இரண்டிரண்டு சுவை கொண்ட இரு பரிமாணங்கள் என்றால் எட்டு வடிவங்கள். ஆனால் அவை போய்ச் சேரும் மேவன் களஞ்சியம் ஜாவா உலகின் பழைய ஒழுங்கில் பிறந்தது. ஒரு பெயர், ஒரு பதிப்பெண், ஒரு விவரக் கோப்பு, அதில் ஒரே சார்புப் பட்டியல் என்பதே அதன் அமைப்பு. எட்டு வடிவங்களை அந்த ஒற்றைக் கோப்பால் விவரிக்க இயலாது. 2019இல் வந்த கிரேடில் கட்டுமானக் கருவியின் 6.0 பதிப்பு, வடிவங்களையும் அவற்றின் பண்புகளையும் எழுதி வைக்கும் தனி மீதரவுக் கோப்பை இயல்பாகவே வெளியிடத் தொடங்கியது. 2020இல் ஆண்ட்ராய்டு கட்டுமானச் செருகி 3.6 அதனோடு இணைந்தது. 2022இன் 7.1 பதிப்பில்தான் ஒற்றை வடிவத்தை வெளியிடுவதா, பல வடிவங்களை ஒரே பெயரின்கீழ் வெளியிடுவதா என்று ஆசிரியர் வெளிப்படையாகச் சொல்லும் வழி அமைந்தது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி செய்தனர்.

அப்படித் தோன்றியபடி செய்ததன் விளைவுக்குக் கூகுளின் குவாவா நிரலகத்தைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. ஆண்ட்ராய்டுக்கு ஒன்றும் வழங்கிகளின் ஜாவாச் சூழலுக்கு ஒன்றுமாக 2017இல் அது இரு கிளைகளானது. அந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் பதிப்பெண்ணின் வாலில் வைத்தார்கள்: ஒன்றில் ‘ஆண்ட்ராய்டு’, மற்றதில் ‘ஜே.ஆர்.இ.’. பதிப்பெண்ணோ புதியது எது, பழையது எது என்று ஒப்பிடுவதற்கானது. ஒரே செயலியின் இரு சார்புகள் இரு வால்களையும் கேட்டால் கட்டுமானக் கருவி உயர்ந்த பதிப்பைத் தேடும். எண் ஒன்றாக இருந்தால் அகரவரிசையில் பின்னால் வரும் ‘ஜே.ஆர்.இ.’ வெல்லும். விளைவாக, கைபேசிச் செயலிக்குள் வழங்கிக்கான வடிவம் புகுந்துவிடும். யாரும் தவறாகத் தட்டெழுதவில்லை, எல்லாரும் விதிப்படி நடந்தார்கள், ஆனாலும் பிழை. 2023இல் 32.1.0 பதிப்போடு கிரேடில் மீதரவு சேர்க்கப்பட்ட பிறகே, பயன்படுத்தும் சூழலைப் பார்த்து உரிய வடிவத்தைக் கருவியே தேர்ந்தெடுக்கும் நிலை வந்தது. இன்ன சூழலுக்கு உரியது என்ற செய்தியைப் பண்பாக எழுத வேண்டும், பதிப்பெண்ணில் ஒளிக்கக் கூடாது என்பது இதன் பாடம்.

எழுத்துணரிகளில் இந்தச் சிக்கல் வேறு முகம் காட்டுகிறது. கூகுளின் எம்.எல். கிட் தன் எழுத்துணர் நிரலகத்தை இருவகையாகத் தருகிறது. ஒன்றில் கற்ற மாதிரி செயலிக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். ஓர் எழுத்துமுறைக்கு, ஒரு நுண்செயலி வகைக்கு ஏறத்தாழ 4 மெகாபைட் கூடும். மற்றதில் மாதிரி கூகுள் பிளே சேவைகள் வழியே பின்னர் இறங்கும். கூடுவது சுமார் 260 கிலோபைட் மட்டுமே. இரண்டும் களஞ்சியத்தில் வெவ்வேறு பெயர்களில் உள்ளன. செயலி எழுதுபவர் சிறியதைத் தேர்வதே இயல்பு, ஏனெனில் அவருடைய மேசையில் இணைப்பு அறுவதில்லை. விலை கொடுப்பவர் வேறொருவர். மாதிரி இறங்கும்வரை அவருக்கு எழுத்துணர்வு கிடைக்காது. 2019 மே மாதத் தடைக்குப் பின் வந்த ஹுவாவே கைபேசிகளைப் போலப் பிளே சேவைகளே இல்லாத கருவி என்றால் அந்த வடிவத்தால் பயனே இல்லை. இதையும் தாண்டி ஒரு பெரிய குறை இருக்கிறது. இந்த நிரலகம் ஆதரிக்கும் எழுத்துமுறைகள் இலத்தீன், சீனம், தேவநாகரி, யப்பானியம், கொரியம் ஆகிய ஐந்தே. தமிழ் இல்லை, சிங்களமும் இல்லை.

ஆகவே நமக்கு மிஞ்சுவது டெசராக்ட். எச்.பி. நிறுவனத்தில் 1980களில் தொடங்கி, 2005இல் திறமூலமாகி, 2018இல் 4.0 பதிப்பில் நரம்பு வலையமைப்பை ஏற்றுக்கொண்ட அந்த எழுத்துணரிக்குத் தமிழ்த் தரவும் சிங்களத் தரவும் உண்டு. அதை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவரும் டெசராக்ட்4ஆண்ட்ராய்டு என்ற நிரலகம் இரு வடிவங்களில் வெளியாகிறது. ஒன்று ஒற்றை இழையில் இயங்கும் இயல்பு வடிவம். மற்றது ஒரு படத்தைப் நுண்செயலியின் பல கருக்களில் பகிர்ந்து விரைவாக முடிக்கும் ஓப்பன்எம்பி வடிவம். நேர்மையான, பயனுள்ள பிரிவு. ஆயினும் நம் பயனாளிக்கு மிகப் பெரிய வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. மொழித் தரவு மூன்று தொகுதிகளாகக் கிடைக்கிறது: விரைவுக்காகச் சுருக்கப்பட்டது, துல்லியத்துக்கானது, பழைய பொறியையும் தாங்கும் பொதுவானது. இம்மூன்றில் எதுவும் நிரலகத்தின் சார்பாக வருவதில்லை. செயலி எழுதுபவரே தரவுக் கோப்பை எடுத்து உரிய அடைவில் வைக்க வேண்டும். அவர் அதை முதல் இயக்கத்தின்போது வழங்கியிலிருந்து இறக்கும்படி விட்டுவிட்டால் எம்.எல். கிட்டில் கண்ட அதே நிலைக்கே வந்து சேர்கிறோம். எந்தப் பதிப்புத் தரவு எந்தச் செயலியில் இருக்கிறது என்பதற்கும் பதிவு இராது.

இங்கே எளிதில் தோன்றும் தீர்வு, தமிழுக்கு ஒரு சுவை, சிங்களத்துக்கு ஒரு சுவை என்று நிரலகத்தைப் பிரித்து வெளியிடுவது. அது தவறு என்பேன். ஒரே பரிமாணத்தின் சுவைகள் ஒன்றையொன்று விலக்குவன. ஒரு செயலி அவற்றில் ஒன்றைத்தான் பெற முடியும். முசலியின் தாளோ இரண்டையும் ஒருசேரக் கேட்கிறது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்ற உறவுள்ள இடத்தில் மட்டுமே வடிவப் பிரிவு பொருந்தும். ஒன்றோடு இன்னொன்று என்று வருவதைத் தனித்தனித் தரவுப் பொதிகளாக, தனித்தனிப் பதிப்பெண்களோடு, சேர்த்துக்கொள்ளத்தக்க சார்புகளாக வெளியிட வேண்டும். மொழி இந்த இரண்டாம் வகை. மாதிரி உள்ளே இருப்பதா, வழங்கியிலிருந்து வருவதா என்பது முதல் வகை. அதுவே உண்மையான வடிவப் பிரிவு. அதில் இயல்புநிலை உள்ளே இருப்பதாகவே அமைய வேண்டும். அளவைக் குறைக்க விரும்புபவர் வெளிப்படையாகக் கேட்டுப் பெறட்டும். நுண்செயலி வகையைப் பொறுத்த பிரிவு தேவையில்லை, நிரலகக் கோப்பே எல்லா வகைகளையும் தாங்கும். பிழை தேடும் கட்டையும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

மொழி பற்றிய இந்தக் குழப்பம் விநியோகத்திலும் தொடர்கிறது. 2021 ஓகஸ்ட் முதல் புதிய செயலிகள் கூகுள் பிளேயில் பொதித்தொகுப்பாகவே ஏற்றப்பட வேண்டும். அந்தத் தொகுப்பு இயல்பாகவே மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டு, கைபேசி அமைப்பிலுள்ள மொழிக்குரிய சொற்களே இறங்கும். கைபேசியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு செயலிக்குள் தமிழைத் தேர்பவருக்கு அந்தத் தமிழ் வந்திருக்காது. எழுதுபவர் இப்பிரிப்பை நிறுத்த வேண்டும், அல்லது மேலதிக மொழியை இறக்கக் கேட்க வேண்டும். ஒரு மனிதருக்கு ஒரு மொழி என்ற அனுமானம் கருவிகளின் ஒவ்வொரு படியிலும் உறைந்திருப்பதை இது காட்டுகிறது. தமிழும் சிங்களமும் அரசகரும மொழிகளாக இருக்கும் நாட்டில் இந்த அனுமானத்தை ஏற்றுக்கொண்டு செயலி எழுத முடியாது.

வடிவங்கள் கூடினால் சிறு குழுக்கள் தாங்குமா என்ற மறுப்பு நியாயமானது. பொதுக் களஞ்சியமான மேவன் சென்ட்ரலில் மூல நிரலும் ஆவணமும் கையொப்பமும் கட்டாயம். ஏற்றிய பதிப்பைத் திருத்தவோ நீக்கவோ முடியாது. மீதரவைப் படிக்காத பழைய கருவிகளுக்குப் பல வடிவ வெளியீடு விளங்காது என்பதும் உண்மை. ஆனால் மேவன் சென்ட்ரலின் இந்தக் கடுமைக்கு ஒரு நன்மை உண்டு. ஜேசென்டர் களஞ்சியத்தை மூடப்போவதாக 2021 பெப்ரவரியில் அறிவிப்பு வந்தபோது, அங்கு மட்டுமே இருந்த நிரலகங்களின் எதிர்காலம் ஒரு நிறுவனத்தின் முடிவில் தொங்கியது. ஆண்டுக்கணக்கில் பராமரிப்பார் இல்லாமல் போகக்கூடிய சிறு சமூகச் செயலிக்கு, மாற்ற முடியாத களஞ்சியமே பாதுகாப்பு. நான் கேட்பது எட்டு வடிவங்களை அல்ல, இரண்டை மட்டுமே. மொழித் தரவு அதற்கு வெளியே, அரிதாக மாறும் பொதிகளாக இருக்கும். அளவு கூடுகிறது என்ற மறுப்பும் வலுவற்றது. சிலாவத்துறையிலோ மன்னார் நகரிலோ ஒருமுறை இறக்கிய செயலி, பின்னர் மறிச்சுக்கட்டியில் இணைப்பைக் கேட்காது.

டெசராக்டின் மொழித் தரவு அப்பாச்சி 2.0 உரிமத்தில் இருக்கிறது. அதைப் பொதியாக்கி வெளியிட எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கணினி பயிலும் மாணவர்கள் தம் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இன்னொரு செயலியைத் தேடுவதைவிட இதை எடுத்துக்கொள்ளலாம். தமிழுக்கு ஒன்று, சிங்களத்துக்கு ஒன்று என இரு தரவுப் பொதிகள், பதிப்பெண்ணோடும் கையொப்பத்தோடும், இணைப்பின்றி இயங்கும் வடிவத்தை இயல்பாகக் கொண்டு மேவன் சென்ட்ரலில் ஏற்றப்பட வேண்டும். இந்த வேலையை அவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.