மார்கழிப் பனியும் மரம் சீவுற மெஷினும்

கடம்பூர்னு சொன்னா பல பேருக்கு போளி ஞாபகத்துக்கு வரும். எனக்கு மார்கழிக் காலையில வர்ற டீசல் புகை வாசம்தான் வரும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்குங்க.

எங்க சித்தப்பா தீக்குச்சி அறுக்கிற பட்டறை ஒண்ணுல வேலை பார்த்தார். கேரளாவுலேர்ந்து லாரியில மட்டி மரத்தடி வந்து இறங்கும். துண்டு போட்டு, பட்டையை உரிச்சு, பீலிங் மெஷின்ல மாட்டுவாங்க. தடி சுத்தச் சுத்த, சுருட்டி வச்ச பாயை விரிக்கிற மாதிரி கத்தி மெல்லிசா சீவித் தள்ளும். அந்தத் தகட்டை அடுக்கி வெட்டினா குச்சி. எல்லாத்தையும் ஓட்டுறதுக்கு லிஸ்டர் ரகத்துப் பழைய ஆயில் எஞ்சின் ஒண்ணு. இங்கிலாந்துல டர்ஸ்லிங்கிற ஊர்ல 1929 வாக்குல பிறந்த டிசைன் அது. அதே அச்சுல நம்ம ராஜ்கோட்காரங்க செஞ்சு நாடு முழுக்க அனுப்பினாங்க.

டீசல் எஞ்சின்ல தீப்பொறி போடுற பிளக் கிடையாது. காத்தை அமுக்கும்போது வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கணும். ராத்திரிப் பனியில இரும்பு சில்லுனு கிடந்தா, அந்தச் சூட்டை இரும்பே குடிச்சிரும். உள்ள ஆயிலும் கெட்டிப்பட்டு வீலை வேகமெடுக்க விடாது. சித்தப்பா மொதல்ல வெதுவெதுப்பா தண்ணி காய்ச்சி, சிலிண்டரைச் சுத்தியிருக்கிற தண்ணி அறைக்குள்ள ஊத்துவார். அப்புறம் வால்வைத் தூக்கி வச்சுக்கிட்டு ஹேண்டிலைச் சுத்துவார். வீல் வேகம் பிடிச்சதும் நான் லீவரைத் தட்டி விடணும். டப்... டப்... டப்னு உயிர் வந்துரும்.

"கட்டைவிரலை மடக்கிப் பிடிக்காதலே, எதிர்ச்சுத்து அடிச்சா கை போயிரும்"னு தினமும் ஒருதரம் சொல்வார்.

நம்ம ஊர்க் குளிருக்கே இந்தப் பாடு. இந்தத் தொழில் வளர்ந்த ஸ்வீடன்ல எப்படி இருந்திருக்கும்? 1844-ல குஸ்தாஃப் எரிக் பாஷ்ங்கிறவர் பாதுகாப்பு தீக்குச்சிக்குக் காப்புரிமை வாங்கினார். யான்ஷோப்பிங் ஊர்ல லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெரிய தொழிலாக்கினாங்க. 1864-ல அலெக்சாண்டர் லாகர்மன் தீக்குச்சி செய்யறதுக்கு மெஷின் கண்டுபிடிச்சார். குளிர் நாட்டுல உறைஞ்சு போன தடியில கத்தி வச்சா சீவாது, நொறுங்கும். அதனால சுடுதண்ணியில ஊறப்போட்டு இளக்கித்தான் மெஷினுக்குக் கொண்டு போகணும். குச்சியைக் காயவைக்கவும் சூட்டு அறை வேணும்.

நம்ம பக்கம் கதையே வேற. சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தா போய் தொழில் கத்துக்கிட்டு வந்தாங்க. 1923-ல ஸ்வீடன் கம்பெனிக்காரங்க விம்கோவை ஆரம்பிச்சு, அம்பர்நாத்துல மெஷின் போட்டாங்க. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி பக்கம் கைவேலைதான். வானம் பார்த்த கரிசக்காட்டுல வேலை தேடுற கைக்கும் பஞ்சமில்ல, வெயிலுக்கும் பஞ்சமில்ல. குச்சி காயவைக்க களமும் சூரியனும் போதும். அவங்களுக்கு சூட்டு அறை, நமக்கு வெயில். அவங்களுக்கு மெஷின், நமக்கு அம்மாக்களோட விரல்.

ஆமா, எங்கம்மாவும் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கினவங்கதான். எத்தனை கட்டையோ அத்தனைக்குத்தான் கூலி. ஐப்பசி கார்த்திகையில அடைமழை பிடிச்சுக்கிட்டா குச்சி காயாது. ஈரக்குச்சியில மெழுகும் சரியா ஏறாது. ஆபீஸ் லீவு, கூலியும் கிடையாது.

அதே மழைக்குத்தான் அப்பா காட்டுல பருத்தியும் உளுந்தும் விதைச்சுட்டு காத்துக்கிட்டு இருப்பார். ஒரே வீட்டுல ஒருத்தர் மழை வரணும்னு கும்பிடுவார், இன்னொருத்தர் வெறிக்கணும்னு கும்பிடுவாங்க. சாமி யார் பேச்சைக் கேட்டாலும் அடுப்பு பாதிதான் எரியும்.

அந்த மாதிரி ஒரு வருஷத்துலதான் அக்கா அஞ்சாவதோட நின்னு அம்மாகூட வேலைக்குப் போனா. தீப்பெட்டித் தொழில்ல குழந்தைகளை வேலைக்கு வைக்கக்கூடாதுன்னு 1986-லயும் ஒரு சட்டம் வந்தது. அதுக்குள்ள அக்காவுக்குக் கல்யாணமே ஆயிருச்சு.

ஒரு ரூபாய்க்கே பதினாலு வருஷம் வித்த தீப்பெட்டி 2021 டிசம்பர்லதான் ரெண்டு ரூபாய் ஆச்சு. சித்தப்பாவோட எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குப் போயி ரொம்ப நாளாச்சு.

போன மார்கழியில அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விளக்கேத்த அவ குச்சி உரசினா, மொத உரசல்லயே பத்திக்கிச்சு. "நல்லா காஞ்ச குச்சிடா"ன்னா. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல.

உங்க வீட்டுலயும் தீப்பெட்டி ஒட்டின விரல் இருந்தா சொல்லுங்க மக்களே.