ஊவா மலைக்காடும் வனச் சட்டமும்

நமுனுகுலைச் சாரலினின்று பதுளையை நோக்குவார்க்குத் தேயிலையின் பசுமை பரந்து தோன்றும். அப்பசுமை தொன்மையானதன்று. பற்றனைப் புல்வெளிகள் ஒழிந்த சரிவுகளிற் காடு நின்றது. பின்னர்க் கோப்பி நின்றது. இன்று தேயிலை நிற்கின்றது. இம்மாற்றத்திற்குக் கோடரி மாத்திரமன்றிச் சட்டமுங் கருவியாயிற்று என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவெனக் கொண்டது. கிராமத்தார் சேனைக்கும் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் பயன்படுத்திய காடுகளிற் பல தோட்டத் துரைமாருக்கு விலையாயின. 1869இல் மடுல்சீமையில் முதன்முதற் காணப்பட்ட இலைத் துருநோய் கோப்பியை வீழ்த்திற்று. வெட்டிய காடோ மீளவில்லை. 1873இல் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர் மலைக்காட்டழிவின் கேட்டை எடுத்துரைத்தார். அதன்பின் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளின் விற்பனை தடுக்கப்பட்டது.

1885ஆம் ஆண்டுச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டமும் ஒதுக்கக் காடு, கிராமக் காடு என வகுத்தன. எனினும் அவை பெரிதும் நோக்கியது மரத்தையும் வருவாயையுமே. 1988இல் தேசிய மரபுரிமை வனப்பகுதிகள் சட்டம் எழுந்தது. 1990இல் இயற்கைக் காடுகளில் மரந்தறித்தல் தடுக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் பழைய சட்டத்திற்கு வனப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எனப் பெயரிட்டது. மரத்தை எண்ணிய சட்டம் காட்டை எண்ணத் தொடங்கிற்று.

ஆயினும் குறை உண்டு. சட்டம் எல்லைக்கல்லை நோக்கும். நீரோ எல்லைக்கல்லை அறியாது. ஒரே ஓடையின் மேற்புறம் அரசகாடாகவும் நடுப்புறந் தோட்டமாகவும் கீழ்ப்புறம் வயலாகவும் இருத்தல் ஊவாவில் இயல்பு. பைன் மரத்தை வரிசையாக நட்ட மலையும் கணக்கிற் காடே. பல்வகை மரஞ்செடிகள் செறிந்த சோலைக்கு அது ஈடாகாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. அதற்குக் காடழிவு ஒன்றே காரணமென்றல் பொருந்தாது; எனினும் சரிவும் நீரும் குடியிருப்பும் ஒருங்கே எண்ணப்படல் வேண்டுமென்பதை அது உணர்த்திற்று.

ஆதலின், ஓடையின் நீரேந்து பரப்பையே அலகாகக் கொள்ளுதலும், நட்ட தோப்புகளிற் சுதேச மரங்களை மீட்டலும், விறகுக்குக் காட்டை நாடும் லயத்தாரையும் கிராமத்தாரையும் குற்றவாளிகளாக மாத்திரம் நோக்காது காவலிற் பங்காளராக்குதலும் இனிவருந் திருத்தங்களின் நோக்கமாதல் வேண்டும். மலைச்சரிவின் கீழ் உறங்குவோர்க்கு அம்மலையைப் பற்றிப் பேசும் உரிமை உண்டன்றோ?