காப்புரிமையும் புற்றுநோய் மருந்தும்: ஒரு வழக்கின் வரலாறு

சொல்லும் பொருளும்

புற்றுநோயை அரபு மொழியில் 'ஸரதான்' என்பர். நண்டு என்பது இச்சொல்லின் பொருள். நண்டின் கால்களைப்போல் நாற்புறமும் பரவிப் பற்றிக்கொள்ளும் கட்டியைக் கண்ட பழங்காலக் கிரேக்க மருத்துவர்களும் தம் மொழியில் நண்டைக் குறிக்கும் சொல்லையே அதற்குச் சூட்டினர். இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலிலும் ஸரதான் என்னும் பெயரே பயில்கிறது. தமிழரோ இந்நோயை உள்ளே அரித்துக்கொண்டே வளரும் புற்றோடு ஒப்பிட்டனர். பெயர்கள் வேறாயினும் அவற்றின் பின்னே நிற்கும் அச்சம் ஒன்றே.

நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட மற்றொரு சொல் காப்புரிமை. ஆங்கிலத்தில் 'பேடன்ட்' என வழங்கும் சொல்லுக்குத் திறந்திருத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே மூலமாகும். எல்லோரும் படித்தறியும்படி மன்னர்கள் மூடி முத்திரையிடாது விடுத்த திறந்த மடலையே அது முதலில் குறித்தது. தமிழ்ச் சொல்லில் காப்பும், மூலச் சொல்லில் திறப்பும் அமைந்திருப்பது கருதத்தக்கது. ஏனெனில், இவ்விரண்டும் சேர்ந்ததே காப்புரிமை. புதியதொன்றைக் கண்டுபிடித்தவர் அதன் நுட்பத்தை மறைக்காமல் உலகுக்குத் திறந்து காட்ட வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலம்வரை அதனைப் பிறர் செய்து விற்காதவாறு அரசு அவருக்குக் காப்பளிக்கும். வெனிஸ் நகரக் குடியரசு 1474 இல் இயற்றிய சட்டமும், இங்கிலாந்து 1624 இல் இயற்றிய சட்டமும் இந்த உடன்பாட்டின் முன்னோடிகள் எனலாம். இந்தியாவில் இத்தகைய முதற்சட்டம் 1856 இல் வந்தது.

தறிக்கும் கடிகாரத்துக்கும் இவ்வுடன்பாடு பொருந்தும். காப்புக் காலம் முடியும்வரை வாங்குவோர் காத்திருக்கலாம். உயிர்காக்கும் மருந்தின் நிலை வேறு. நோயாளியால் இருபதாண்டுகள் காத்திருக்க இயலாது. எனவே, புற்றுநோய் மருந்தில் காப்பின் எல்லை எது, திறப்பின் எல்லை எது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு நம் நாட்டு நீதிமன்றங்கள் கண்ட விடையை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரேடியம் தந்த பாடம்

காப்புரிமையே வேண்டாம் என விட்டுவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடுமா? இதற்கு விடையாக ஒரு நிகழ்ச்சி உண்டு. 1898 இல் மேரி கியூரியும் அவர்தம் கணவர் பியேர் கியூரியும் ரேடியத்தைக் கண்டறிந்தனர். அதனைத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெறாமல், அதனை உலகுக்கு வெளிப்படையாக அறிவித்தனர். விரைவிலேயே ரேடியம் புற்றுக்கட்டிகளுக்கான சிகிச்சையில் இடம்பெற்றது. ஆயினும், டன் கணக்கான தாதுவைக் காய்ச்சி வடித்தும் ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கையே கியூரி அம்மையாரால் 1902 இல் பெற முடிந்தது. அருமை காரணமாக விலை ஏறியது. 1921 இல் ஒரு கிராம் ரேடியத்தின் விலை 1,00,000 டாலர். கண்டுபிடித்தவரே தம் ஆய்வுக்கு மேலும் ஒரு கிராம் வாங்க இயலாதவராய் இருந்தார். அமெரிக்கப் பெண்கள் பணம் திரட்டி வாங்கிய ஒரு கிராமை அவ்வாண்டு மே 20 அன்று வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் ஹார்டிங் அவருக்குப் பரிசாக அளித்தார்.

அறிவு திறந்திருந்தும் பொருள் எட்டாதிருந்தது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம். அறிவைத் திறப்பதோடு அதனைப் பொருளாக்கும் ஆற்றலும் பலர் கையில் இருந்தாலன்றி, நோயாளிக்குப் பயன் விளையாது.

1970 ஆம் ஆண்டுச் சட்டம்

இப்பாடத்தை விடுதலை பெற்ற இந்தியா உணர்ந்திருந்தது. ஆங்கிலேயர் 1911 இல் இயற்றிய சட்டத்தின்கீழ் இந்தியக் காப்புரிமைகளில் பெரும்பகுதி அயல்நாட்டார் வசமிருந்தது; அவற்றில் பல இங்கு உற்பத்திக்கே கொண்டுவரப்படவில்லை. இந்நிலையை ஆராய்ந்து 1959 இல் அறிக்கை அளித்தவர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற இராஜகோபால ஐயங்கார். அவ்வறிக்கையை அடியொற்றியதே 1970 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம். 1972 இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், மருந்து எனும் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதனைச் செய்யும் முறைக்கே உண்டு என வரையறுத்தது. அதன் காலமும் ஏழாண்டுகளுக்கு மேற்படாது. ஒரே மருந்தை வேறு முறையில் செய்ய வழி பிறந்தமையால் இந்திய மருந்துத் தொழில் வேரூன்றியது. மருந்தின் விலையும் இறங்கியது.

1995 இல் உலக வர்த்தக நிறுவனம் தோன்றியபோது நிலை மாறிற்று. 'டிரிப்ஸ்' உடன்படிக்கையின்படி மருந்துப் பொருளுக்கும் இருபதாண்டுக் காப்புரிமை வழங்க இந்தியா கடமைப்பட்டது. இதற்கென அளிக்கப்பட்ட பத்தாண்டு அவகாசம் முடிந்து, 2005 ஜனவரி முதல் புதிய விதி செயற்பட்டது. அவ்வாண்டுத் திருத்தத்தில் நாடாளுமன்றம் 3(டி) என்னும் பிரிவைச் செப்பனிட்டு அமைத்தது. முன்பே அறியப்பட்ட பொருளின் புதிய வடிவம், அதன் பயன்திறனைக் கூட்டினாலன்றி, கண்டுபிடிப்பாகக் கருதப்படாது என்பதே அப்பிரிவின் சாரம்.

மருந்து பிறந்த வகை

இப்பிரிவை முதன்முதலில் பெருஞ்சோதனைக்கு உள்ளாக்கியது 'கிளீவெக்' என்னும் மருந்து. 1960 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் கண்டோரின் அணுக்களில் இயல்புக்கு மாறான சிறு குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். இரு குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே அதற்குக் காரணம் என 1973 இல் ஜேனட் ரௌலி நிறுவினார். அம்மாற்றத்தால் பிறக்கும் பிறழ்ந்த நொதி ஒன்றே வெள்ளணுக்களை ஓயாது பெருகச் செய்கிறது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அந்நொதியைக் குறிவைத்து முடக்கும் இமாட்டினிப் என்னும் மூலக்கூறைச் சுவிட்சர்லாந்தின் சீபா-கெய்கி நிறுவனத்தில் யூர்க் ஸிம்மர்மன் முதலானோர் ஆக்கினர். அதற்கான காப்புரிமை விண்ணப்பம் 1992 இல் அளிக்கப்பட்டது. 1996 இல் அந்நிறுவனம் சாண்டோஸுடன் இணைந்து நோவார்டிஸ் ஆயிற்று. மருத்துவர் பிரையன் டுரூக்கர் 1998 இல் தொடங்கிய முதற்கட்டச் சோதனையில், போதிய அளவு மருந்து பெற்ற 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதத்தில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. கொல்லும் நோயொன்று, நாள்தோறும் மாத்திரை உண்டு வாழத்தக்க நோயாக மாறியது. பல்கலைக்கழக ஆய்வாளர்களின் பல்லாண்டு உழைப்பும், நிறுவனத்தின் முதலீடும் திறமையும் இதில் கலந்துள்ளன. இவற்றுள் எதையும் நாம் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

சென்னையில் தொடங்கிய வழக்கு

1998 ஜூலையில் நோவார்டிஸ், இமாட்டினிப் மெசிலேட் எனும் உப்பின் 'பீட்டா' படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரிச் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. இத்தகைய விண்ணப்பங்கள் 2005 வரை திறக்கப்படாமல் வைக்கப்பட்டிருந்தன. திறக்கப்பட்டபோது, புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பொன்றும் இந்திய மருந்து நிறுவனங்கள் சிலவும் எதிர்ப்பு மனுக்கள் அளித்தன. நோயாளி ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு ஆகும் செலவு நோவார்டிஸ் மருந்தில் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்தில் 8,000 முதல் 10,000 ரூபாய்வரை. வழக்கின் உயிர்நாடி இவ்விரு தொகைகளுக்கும் இடையிலான தூரமே.

2006 ஜனவரி 25 இல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. 3(டி) பிரிவே அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாதிட்டது. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியனும் பிரபா ஸ்ரீதேவனும் 2007 ஆகஸ்ட் 6 இல் அவ்வாதத்தை ஏற்க மறுத்தனர். சென்னையிலிருந்து இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியமும் 2009 இல் காப்புரிமையை மறுத்தது. இறுதியாக, உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அஃப்தாப் ஆலமும் ரஞ்சனா பிரகாஷ் தேசாயும் 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பளித்தனர்.

மெசிலேட் உப்பு 1992 ஆம் ஆண்டு விண்ணப்பத்தில் தோன்றிய காப்புரிமைக்குள்ளேயே அடங்கும். ஆகவே அது புதியதன்று. பீட்டா வடிவம் நன்கு ஓடுவதும், நிலைத்திருப்பதும், ஈரம் குறைவாக ஈர்ப்பதும் பொருளின் இயற்பண்புகளே. மருந்தைப் பொறுத்தவரை பயன்திறன் என்பது நோய் தீர்க்கும் திறன். அது கூடியதாக மெய்ப்பிக்கப்படவில்லை. இதுவே தீர்ப்பின் சாரம். புதுமையை அளக்கும் கோல் ஆய்வுக்கூடத்திலிருந்து நோயாளியின் உடலுக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

கட்டாய உரிமம்

இத்தீர்ப்பைக் காப்புரிமையே கூடாது என்னும் தீர்ப்பாகக் கொள்வோர் உளர். அது பிழை. 1995 க்கு முன்பே அறியப்பட்ட மூலக்கூறு என்பதாலேயே இமாட்டினிப் இந்தியாவில் காப்புக்கு வெளியே நின்றது. அதன் பின்னர்த் தோன்றிய மெய்யான புதிய மருந்துகளுக்குக் காப்புரிமை உண்டு. அவற்றின் விலை எட்டாதபோது சட்டம் காட்டும் வழி கட்டாய உரிமம். கல்லீரல், சிறுநீரகப் புற்றுக்கான 'நெக்ஸாவர்' மருந்துக்கு பேயர் நிறுவனம் 2008 இல் காப்புரிமை பெற்று, மாதத்துக்கு 2,80,428 ரூபாய் விலை வைத்திருந்தது. 2012 மார்ச் 9 அன்று காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் பி. எச். குரியன், அதனை 8,880 ரூபாய்க்கு மிகாமல் செய்து விற்க ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனத்துக்கு உரிமம் அளித்தார். விற்பனையில் 6 விழுக்காடு காப்புரிமையாளருக்குரியது. பின்னர் மேல்முறையீட்டில் அது 7 விழுக்காடாயிற்று. இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் இதுவே. ஆனால், இரத்தப் புற்றுக்கான டாசாடினிப் மருந்துக்குக் கோரப்பட்ட உரிமம் 2013 இல் மறுக்கப்பட்டது. வழி உண்டு, வாயில் குறுகியது.

கொடையும் உரிமையும்

கிளீவெக் மருந்தை இந்திய நோயாளிகள் பல்லாயிரவருக்கு இலவசமாகவே வழங்குவதாக நோவார்டிஸ் எடுத்துரைத்தது. அக்கொடையால் உயிர் பிழைத்தோர் உண்டு. அதனை மறுத்தல் நன்றன்று. எனினும், கொடை கொடுப்போரின் விருப்பத்தில் நிற்பது; உரிமை பெறுவோரின் தேவையில் நிற்பது. கியூரி அம்மையார் பரிசாகப் பெற்ற ஒரு கிராம் அவருடைய ஆய்வுக்கு உதவியதேயன்றி, உலகில் ரேடியத்தின் விலையைக் குறைக்கவில்லை.

ஆராய்ச்சிக்குச் செலவிட்டவருக்கு ஊதியம் வேண்டும் என்பது நீதியே. அவ்வூதியத்துக்கு அளவும் வேண்டும். அமெரிக்காவில் கிளீவெக்கின் ஆண்டுச் செலவு 2001 இல் சுமார் 30,000 டாலராக இருந்து, 2012 இல் 92,000 டாலராக ஏறியது. மூலக்கூறு அதே மூலக்கூறுதான். ஆராய்ச்சிச் செலவும் முன்னரே முடிந்துவிட்டது. இந்நோய்க்குச் சிகிச்சையளிக்கும் உலக வல்லுநர் 100 பேருக்கு மேற்பட்டோர் 2013 இல் ஒன்றுகூடி இவ்விலையைக் கண்டித்து எழுதினர். அம்மருந்தின் அருமையை எவரினும் நன்கறிந்தோர் அவர்கள் என்பது ஈண்டுச் சிந்திக்கத்தக்கது.

திறந்த மடலாகப் பிறந்தது காப்புரிமை. அறிவைத் திறந்து காட்டுவோருக்குச் சமுதாயம் சில காலம் காப்பளிக்கிறது. முன்பே திறந்த கதவை வடிவம் மாற்றி மீண்டும் பூட்டக் கேட்கும்போது, இதனால் நோயாளிக்கு என்ன கூடிற்று எனக் கேட்கும் உரிமை அச்சமுதாயத்துக்கு உண்டு. சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு அக்கேள்வியைச் சட்டத்தின் மொழியில் நிலைநிறுத்தியது. இனி வரும் மருந்துகளுக்கும் அதனைத் தளராது கேட்பது நம் அனைவரின் கடனாகும்.