ஊளம்பாறை என்னும் சொல்: எல்லையூர்களில் மனத்துயரின் மொழி

பாறசாலை, காரக்கோணம், வெள்ளறடை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் ஒருவரை ஒரே சொல்லால் வாயடைக்க வேண்டுமென்றால் “ஊளம்பாறை” போதும். சென்னைத் தமிழில் கீழ்ப்பாக்கத்துக்கும் வடகேரளத்தில் குதிரவட்டத்துக்கும் இதே தொழில்தான். மூன்றும் ஊர்ப்பெயர்கள், அங்கெல்லாம் கடைகளும் பள்ளிகளும் குடும்பங்களும் உண்டு. ஆயினும் ஒரு மதிற்சுவர் அந்த ஊர்களின் பெயரை விழுங்கிவிட்டது. இடப்பெயர் வசைச்சொல்லாக மாறுவதை மொழியியல் வகுப்பில் பொருள் இழிபு என்று ஒரு வரியில் கடந்துவிடுவோம். எல்லையூர்களில் உறக்கமிழந்த ஒருவர் உளவியலாளரைப் பார்க்கத் தயங்கும்போது அந்த ஒரு வரியே அவர் காலைக் கட்டுகிறது.

இத்தயக்கத்தை அறியாமை என்று சொல்வது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கேரளத்தின் தென்கோடி எழுத்தறிவில் பின்தங்கிய பகுதியன்று. காய்ச்சலுக்கும் நீரிழிவுக்கும் மருத்துவமனை வாசலில் காத்திருக்க அஞ்சாத மக்கள் இவர்கள். இங்கு ஓர் அச்சம் இருக்கிறதென்றால் அதற்கு ஒரு வரலாறு இருக்க வேண்டும். என் பார்வையில் அவ்வரலாறு இரண்டு இழைகளால் ஆனது. ஒன்று நிறுவனத்தினுடையது, மற்றது மொழியினுடையது. முதலாவதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள், இரண்டாவது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நிறுவன வரலாறு 1870இல் தொடங்குகிறது. ஆயில்யம் திருநாள் ஆட்சிக்காலத்தில், தி. மாதவராவ் திவானாக இருந்தபோது, திருவிதாங்கூர் அரசு தொடங்கிய காப்பகமே இன்று பேரூர்க்கடையை அடுத்த ஊளம்பாறையில் இயங்கும் மனநல மையம். 1871இல் சென்னையில் கீழ்ப்பாக்கமும் 1872இல் பிரிட்டிஷ் மலபாரில் குதிரவட்டமும் திறக்கப்பட்டன. மூன்றே ஆண்டுகளில் மூன்று மதில்கள்! பிரிட்டிஷ் இந்தியாவின் 1858ஆம் ஆண்டுச் சட்டமும் அதன்பின் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டமும் மனநோயரைக் காவல்துறையும் நீதிபதியும் கையாள வேண்டிய பொருளாகவே கண்டன. தெருவில் அமைதியைக் குலைத்தவர் உள்ளே போனார். வீட்டுத் திண்ணையில் ஆறு மாதம் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை எவரும் கண்டுகொள்ளவில்லை. மனத்துக்கென்று அரசு திறந்த ஒரே கதவு வெளியிலிருந்து பூட்டும் கதவாக இருந்தது. அன்றாட மனநலம் என்னும் கருத்துக்கு அந்தக் கட்டடத்தில் அறையே கிடையாது.

அந்த அறை வேறெங்கோ இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மெற்றீர் 1871லும் 1883லும் வெளியிட்ட நூல்களில் தென்திருவிதாங்கூரின் பேய் வழிபாட்டைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். அவர் அதைக் கண்டிக்கவே எழுதினார். எனினும் அவர் விவரிக்கும் காட்சிகளில், ஒருவரின் துயரம் ஊர் நடுவே, உறவினர் சூழ, அவரவர் பேச்சிலேயே வெளிப்படுகிறது என்பதை இன்றைய வாசகர் கவனிக்கலாம். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் நீரும் மண்ணும் கொடுத்து நோய் தீர்த்ததாக அவர் வழிவந்தோர் நம்புகின்றனர். 1851இல் அவர் மறைந்த பிறகும் நிழல்தாங்கல்கள் பெருகின. சித்த மருத்துவம் மனநோய்களைக் கிரிகை என்று பெயரிட்டுப் பதினெட்டாக வகுத்தது. நெய்யாறு தோன்றும் மலைக்கு அகத்தியர் பெயர் இருப்பதால் இவ்வூர் வைத்தியர்கள் அம்மரபைத் தங்கள் வீட்டுச் சொத்தாகவே கருதியதில் வியப்பில்லை. இவற்றைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. பேயோட்டுதலில் அடியும் சூடும் இருந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் உட்பட 28 பேர் இறந்ததை அறிந்த எவரும் அப்படிப் பேச முடியாது. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அங்கே துயரம் சொல்லப்பட்ட மொழியும் கேட்கப்பட்ட மொழியும் ஒன்றாக இருந்தன.

உளவியல் இங்கே தாமதமாகவே வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அது தனித்துறையானது 1916இல்; பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் அமைந்தது 1954இல். ஊளம்பாறைக்குப் போவதும் உளவியலாளரைப் பார்ப்பதும் ஒன்று என்னும் மயக்கம் இன்னமும் மாணவரிடையே கூட இருப்பதால் ஒரு சிறு விளக்கம். மனநல மருத்துவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன்மேல் சிறப்புப் பயிற்சி பெற்றவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் உளச்சோதனையும் பேச்சுவழிச் சிகிச்சையும் தருபவர். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆலோசகர் என்ற பெயர்ப்பலகை மட்டும் கண்ணில் பட்டால் பதிவெண்ணைக் கேட்பதில் தவறில்லை.

இனி மொழி. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றின்கரையையும் கேட்டது. 1954 ஆகஸ்ட் 11இல் புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லைப் போராட்டத்தைப் பற்றிய நூல்கள் நெல்லையும் அணையையும் ஆட்சிமொழியையும் பேசுகின்றன. நான் மருத்துவமனைகளைப் பார்க்கிறேன். எவரெஸ்ட் பயணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட ஹோவார்ட் சாமர்வெல் பணியாற்றிய நெய்யூர் மிஷன் மருத்துவமனை ஒரு பக்கம் போயிற்று. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஊளம்பாறையும் மறுபக்கம் நின்றன. களியக்காவிளைக்கு மேற்கே தமிழ் பேசிய குடும்பத்துக்கு மருத்துவமனை அருகிலிருந்தது, மொழி அயலாயிற்று. கிழக்கே இருந்தவருக்கு மொழி தன்னுடையது. ஆனால் தன் மாநிலத்தின் அரசு மனநோய் மருத்துவமனை ஏறத்தாழ 700 கிலோமீட்டருக்கு அப்பால், கீழ்ப்பாக்கத்தில். பிற்காலத்தில் நெல்லையிலும் ஆசாரிப்பள்ளத்திலும் மருத்துவக் கல்லூரிகள் வந்து இந்நிலை மாறியது வேறு கதை. சாமர்வெல்லின் பெயரிலேயே காரக்கோணத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி இன்று இயங்குவதை வரலாற்றின் ஒரு சிறிய ஈடுசெய்தல் எனலாம்.

“இரு மொழியும் எல்லாருக்கும் தெரியுமே, இதில் என்ன சிக்கல்?” என்று கேட்கலாம். பேருந்திலும் சந்தையிலும் சிக்கல் இல்லைதான். வெண்டைக்காய் விலையில் பொருள் மயக்கம் நேர்ந்தால் உடனே தெரிந்துவிடும். துயரச் சொற்களில் நேர்ந்தால் தெரியாது. தமிழும் மலையாளமும் நெருங்கிய மொழிகள் என்பதே இங்கு இடர். முற்றிலும் அயலான மொழியாயின் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவோம், நெருங்கிய மொழியில் புரிந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

சில சொற்களைப் பாருங்கள். “விஷமம்” மலையாளத்தில் துக்கம். தமிழில் அது குறும்பு, தீங்கு நினைப்பு. விஷமி என்றால் கெடுமதியாளர். வடமொழியில் இச்சொல்லின் அடிப்பொருள் சமமின்மை, மேடுபள்ளம். அம்மேடுபள்ளம் ஒரு மொழியில் நெஞ்சுக்குள்ளும் மற்றதில் நடத்தையிலும் போய்த் தங்கியது. “விஷமம் உண்டோ?” என்று செவிலியர் கனிவோடு கேட்க, தமிழ்ப் பள்ளியில் படித்த முதியவர் தம்மைக் குற்றம் சாட்டுவதாக எடுத்துக்கொள்ள இடமுண்டு. “பேடி” மலையாளத்தில் அச்சம். தமிழில் ஆண்மையைப் பழிக்கும் வசை. “பேடி தோன்றுந்நுண்டோ?” என்னும் வினா பதற்ற நோயைக் கண்டறிய எந்த மருத்துவரும் கேட்கக்கூடியது, தமிழ்க் காதுக்கு அது எப்படிக் கேட்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. “ஆதி” மலையாளத்தில் மனக்கவலை. உடல்நோயாகிய வியாதிக்கு இணையாக உள்ளத்து நோயைக் குறிக்கும் வடசொல்லின் வழிவந்தது. தமிழில் ஆதி என்றால் தொடக்கம். இணையில் வியாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தொலைத்துவிட்டோம். “ஆலோசனை” அங்கே சிந்தனை, இங்கே அறிவுரை. ஆலோசனை மிகுதியாகி உறக்கம் போயிற்று என்று மலையாளத்தில் சொன்னால் அது நோய்க்குறி. தமிழில் கேட்டால் சுற்றத்தார் மீதான புகார். (இரண்டும் பல வேளைகளில் உண்மையாகவே இருக்கும் என்பது வேறு.)

பித்தைக் குறிக்கும் சொற்களும் இப்படியே பிரிந்து நடந்திருக்கின்றன. தமிழில் பைத்தியம் பித்த நீரிலிருந்து வந்தது, அதாவது உடலிலிருந்து. பித்தன் என்பது சிவனுக்கே பெயர். மலையாளத்தின் “பிராந்து” மயக்கத்தைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. நாறாணத்துப் பிராந்தன் கதையில் அச்சொல்லுக்கும் ஞானத்தின் ஒளி கொஞ்சம் உண்டு. 1892இல் கேரளம் வழியே சென்ற விவேகானந்தர் பின்னர்ச் சென்னை உரையில் மலபாரின் சாதிக்கொடுமையைப் பித்தர் விடுதியோடு ஒப்பிட்டார். “பிராந்தாலயம்” மலையாள அரசியல் மேடையில் நிலைத்துவிட்டது. நற்செயலுக்காகச் சொல்லப்பட்ட உவமைதான். ஆயினும் ஒரு சமூகத்தின் கொடுமைக்கு உவமையாக நோயுற்றோரின் இல்லத்தைப் பிடித்து நிறுத்தியதில், அவ்வில்லத்தில் கிடந்தவர்களுக்கு என்ன நன்மை விளைந்தது என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டம் இதை இரண்டு இடங்களில் தொட்டிருக்கிறது. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் அது மனுவின் மொழி. ரேஷன் அட்டைக்குத் தமிழில் எழுதலாம், அழுகையை மனுவாக எழுதிக் கொடுக்க முடியாது. இரண்டாவது, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். அதில் சிகிச்சைக்கான ஒப்புதல் என்பதற்குத் தரப்படும் விளக்கத்திலேயே, சிகிச்சையின் நன்மை தீமைகளை அந்த நபருக்குப் புரியும் மொழியிலும் முறையிலும் எடுத்துரைத்த பின்னரே பெறப்பட வேண்டும் என்னும் நிபந்தனை இருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அன்றிக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கொள்ள வேண்டும் என்றதும் இதே சட்டம். 1858இன் சட்டத்தில் காவலரும் நீதிபதியும் இருந்தனர். 2017இன் சட்டத்தில் முதன்முறையாக நோயரின் மொழி நுழைந்திருக்கிறது. எல்லையூர்களின் ஆசிரியர்களும் பஞ்சாயத்து உறுப்பினர்களும் இந்த ஒரு பிரிவையாவது படித்துவைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தேவை சிறியதன்று. நிமான்ஸ் நிறுவனம் 2015–16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில் கேரளமும் தமிழ்நாடும் இடம்பெற்றன. மனநலக் குறைபாடு உள்ளோரில் சிகிச்சை பெறாதவர்கள் நோயின் வகைக்கேற்ப ஏறத்தாழ 70 முதல் 92 விழுக்காடு என்று அது கண்டது. இக்கணக்கில் பெரும்பாலோர் ஊளம்பாறையின் மதிலுக்குள் இருக்க வேண்டியவர்கள் அல்லர். இரண்டு வாரமாக உறக்கம் சரியில்லாதவர், பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாதவர், தேர்வுக்கு முன் மூச்சு முட்டுபவர், பேறுகாலத்துக்குப் பின் காரணமின்றி அழும் தாய். மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஒன்பது வினாப் படிவம் கேட்பதும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றித்தான். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து முற்றிய பின் போகவேண்டிய இடமன்று உளவியலாளரின் அறை.

ஆர்த்ரம் திட்டத்தின்கீழ்க் கேரளத்தின் குடும்ப நல மையங்களில் மனச்சோர்வைக் கண்டறியும் பணிக்கு “ஆஸ்வாசம்” என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரிட்டவர் எல்லையூர்த் தமிழரை நினைத்திருக்க மாட்டார். எனினும் இரு மொழியிலும் பொருள் சிதறாத ஒரு சொல் தானாக அமைந்துவிட்டது. மலையாளத்தில் ஆறுதல், தமிழில் ஆசுவாசம், ஓடிவந்தவர் நின்று மூச்சு வாங்குவது. வசைச்சொல்லாக மாறுவதற்கு இதில் ஊரும் இல்லை, மதிலும் இல்லை.

உள்ளே நுழையும்போது இரண்டைச் சொல்லலாம். எனக்குத் தமிழில்தான் இதைச் சொல்ல வரும் என்பது முதலாவது. தமிழ் அறிந்த செவிலியரோ ஆஷா பணியாளரோ அருகில் இருந்தால் அழைக்கும்படி கேட்பது இரண்டாவது. வீட்டாரை மொழிபெயர்ப்பாளராக வைப்பதை இயன்றவரை தவிர்க்கலாம். துயரத்துக்குக் காரணமானவரே சில வேளை மொழிபெயர்க்க உட்கார்ந்துவிடுவார். சொல் தடுக்கினால் அனுபவத்தைச் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு விழிக்கிறேன், எதை உண்ண முடியவில்லை, யாரிடம் பேசப் பிடிக்கவில்லை. நேரில் செல்ல இயலாதவர்களுக்கு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் உண்டு. எண் 14416, கட்டணமில்லை. அழைத்ததும் எந்த மொழியில் பேச வேண்டும் என்று கேட்கிறார்கள். பெயரையோ நோயையோ கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.