ராஜ்: ஒரு காதலன் பெயரின் வரலாறு

இந்திப் படத்தில் நாயகன் தன் பெயர் ராஜ் என்று சொன்ன மாத்திரத்தில் எனக்குப் பாதிக் கதை தெரிந்துவிடும். இவன் காதலிப்பான். ஒரு தகப்பன் குறுக்கே நிற்பான். இவன் கதவை உடைக்க மாட்டான். வாசலிலேயே நின்று, பாடி, சிரித்து, அடிபட்டு, கடைசியில் அந்தத் தகப்பனின் வாயாலேயே சம்மதம் வாங்குவான், அல்லது செத்துப்போவான். பெயர் விஜய் என்றிருந்தால் அங்கே தாயும் பழிவாங்கலும் முன்னால் வரும். பிரேம் என்றிருந்தால் வீடு நிறையச் சொந்தபந்தமும் கல்யாணச் சடங்கும் இருக்கும். ராஜ் என்ற பெயரில்தான் ஒரு ஜோடியின் முழுக்கதையும் ஒளிந்திருக்கிறது. இந்தப் பழைய படங்களை மனதார நேசிப்பவர்கள் யாருக்கும் இது தெரியும். அந்தப் பெயர் எங்கிருந்து புறப்பட்டு எப்படி இந்த இடத்துக்கு வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மூலம் சமஸ்கிருதத்தின் ‘ராஜன்’. எழுவாயாக நிற்கும்போது அது ‘ராஜா’, தொகைச்சொற்களில் ‘ராஜ’. சொல்லின் கடைசி அகரத்தை இந்தி விழுங்கிவிடுவதால் ‘ராஜ’ என்பது ‘ராஜ்’ ஆகிறது. இந்தியில் அது தனியே நின்றால் ஆட்சி என்று பொருள். அரசனைச் சொல்ல ‘ராஜா’தான் வேண்டும். ஆங்கிலேயரும் தங்கள் ஆட்சிக்கு இந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். ஆளின் பெயராக வரும்போது, ராஜேந்திரன், ராஜ்குமார், பிருத்விராஜ் போன்ற நீண்ட பெயர்களின் நறுக்கு அது. தமிழில் ரகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் நம் பழைய ஏடுகள் ‘இராசன்’ என்று எழுதின. லத்தீனின் ‘ரெக்ஸ்’ இதற்கு உடன்பிறப்பு. நேராகச் செலுத்துவது என்பதே இவற்றின் அடிப்படைப் பொருள் என்பது மொழியியலார் முடிவு.

காளிதாசன் வேறு வழியில் போகிறான். ரகுவம்சத்தின் நான்காம் சர்க்கத்தில், குடிகளை மகிழ்வித்ததால் ரகுவுக்கு ‘ராஜா’ என்ற பெயர் பொருந்தியது என்கிறான். மகிழ்விப்பது, நிறமேற்றுவது என்று பொருள்படும் ‘ரஞ்ஜ்’ என்ற வேரிலிருந்து அவன் அந்தச் சொல்லைப் பிரிக்கிறான். ராகம், அனுராகம், ரஞ்சனி எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. நாம் ஒரு படத்தை ‘ஜனரஞ்சகமானது’ என்கிறோமே, அதுவும் அங்கிருந்துதான். மொழியியல் இந்தப் பிரிப்பை ஏற்பதில்லை. ஆனால் இந்திப் படத்தின் ராஜை நினைத்துப் பார்த்தால் காளிதாசனின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. அவனிடம் நாடு கிடையாது, படை கிடையாது. சனங்களை மகிழ்விக்கத் தெரியும், அனுராகம் தெரியும். அவ்வளவுதான் அவன் சொத்து.

அரண்மனையை விட்டு இந்தச் சொல் வீட்டுக்குள் வந்தது எப்போதோ நடந்துவிட்டது. தமிழ்த் தாய் பிள்ளையை ‘என் ராசா’ என்று கொஞ்சுவதுபோல வடக்கேயும் ‘ராஜா பேட்டா’ உண்டு. பனாரஸ் பக்கத்து டும்ரி, தாத்ரா, கஜ்ரிப் பாட்டுகளில் பெண் தன் காதலனையே ‘ராஜா’ என்று விளிப்பாள். அந்தப் பனாரஸ் மரபிலிருந்து வந்த பாடகி ஜத்தன்பாயின் மகள்தான், பின்னாளில் ராஜ் கபூரின் நாயகியான நர்கிஸ். திரையில் ராஜ் என்ற பெயரை யார் சொல்லிக் கேட்க வேண்டுமோ அவர் வாயிலேயே அது வந்து சேர்ந்தது என்று நான் நினைப்பதுண்டு.

1924இல் பெஷாவரில் பிறந்த ராஜ் கபூர், தன் பெயரையே தன் பாத்திரங்களுக்கு உடனே வைத்துவிடவில்லை. அவர் இயக்கிய முதல் படமான ‘ஆக்’கில் (1948) அவர் கேவல். ‘பர்சாத்’தில் (1949) பிராண். அதே 1949இல் மெஹ்பூப் கானின் ‘அந்தாஸ்’ வந்தது. அதில் திலீப் குமாரின் பாத்திரத்துக்குப் பெயர் திலீப், ராஜ் கபூரின் பாத்திரத்துக்குப் பெயர் ராஜன். நடிகனின் பெயரும் பாத்திரத்தின் பெயரும் ஒட்டத் தொடங்கிய இடம் அது. 1951இல் ‘ஆவாரா’ வந்தபோது மிச்சமிருந்த இடைவெளியும் போயிற்று.

‘ஆவாரா’ என்றால் ஊர்சுற்றி, நாதியற்றவன். அந்தப் பட்டத்தைச் சுமப்பவனுக்கு அரசன் என்று பெயர். கதையை எழுதியவர்களில் ஒருவரான கே. ஏ. அப்பாஸ் எதையும் யோசிக்காமல் செய்பவர் அல்லர். திருடன் மகன் திருடன்தான் என்று தீர்ப்புச் சொல்லும் நீதிபதி ரகுநாத், கொள்ளைக்காரன் ஜக்கா தூக்கிப்போய்த் திருப்பி அனுப்பிய தன் மனைவியைச் சந்தேகப்படுகிறார். கர்ப்பிணியை வீட்டைவிட்டுத் துரத்துகிறார். ரகுநாதன் என்பது ராமனின் பெயர். ஆகவே தெருவில் பிறக்கும் ராஜ் யாருடைய பிள்ளை என்று சொல்லத் தேவையில்லை. அரசன் பிள்ளை, தகப்பன் ஒப்புக்கொள்ளாத அரசன் பிள்ளை. நீதிபதியாக நடித்தவர் ராஜ் கபூரின் சொந்தத் தகப்பனார் பிருத்விராஜ் கபூர். சின்ன வயது ராஜாக நடித்தது தம்பி சசி கபூர்.

இந்தப் படத்தில் ஒரு நகைப்பெட்டி வருகிறது. நீதிபதியின் ஆதரவில் வளரும் ரீட்டாவுக்கு (நர்கிஸ்) பிறந்தநாள். நீதிபதி அவளுக்காக வாங்கிய கழுத்தணியைத் தெருவில் ராஜ் களவாடிவிடுகிறான். களவாடிய இடம் தன் தகப்பன் கை என்றும் அவனுக்குத் தெரியாது. அவளுக்கு அதையே பரிசாகக் கொடுக்கிறான், பெட்டி இல்லை. பிறகு நீதிபதி கொடுக்கும் பெட்டியில் நகை இல்லை. ரீட்டா இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறாள். நர்கிஸின் முகத்தில் அந்தக் கணக்கு முடிவதை நாம் பார்க்கிறோம். ஒருவனிடம் அன்பு இருக்கிறது, ஆனால் அதை வைக்க மரியாதையான இடமில்லை. இன்னொருவரிடம் மரியாதை இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. மெலோடிராமா என்றால் மிகையான அழுகை என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பெட்டியைக் காட்டுவேன். தூர்தர்ஷனில் வசனம் பாதிக்குமேல் புரியாமல் பார்த்தபோதுகூட எனக்கு அது புரிந்தது. ரீட்டா வழக்கறிஞர். ராஜுக்காக வாதாடி, அதே நீதிபதியைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்கிறாள். ராஜ் என்ற பெயருக்கு உரிமை கோரி முதலில் வழக்காடியவள் அவள்தான்.

1955இன் ‘ஸ்ரீ 420’இல் நாயகனின் முழுப்பெயர் ரண்பீர் ராஜ். நேர்மைக்காகப் பெற்ற பதக்கத்தை அடகுக்கடையில் வைக்கும் பட்டதாரி. அங்கே அவனுக்கு இரண்டு பெண்கள்: வித்யா, மாயா. கல்விக்கும் மயக்கத்துக்கும் நடுவே அரசன் என்று நாடகக் கொட்டகையில் வைப்பதுபோல வைத்த பெயர்கள். இதில் ராஜும் வித்யாவும் ஒரே குடைக்குள் மழையில் நிற்கும் பாட்டு இந்தியா முழுவதும் தெரிந்தது. அந்தப் பாட்டில் மழைக்கோட்டு அணிந்து மூன்று பிள்ளைகள் நடந்துபோவார்கள். மூவரும் ராஜ் கபூரின் பிள்ளைகள். மழைத்தண்ணீர் கண்ணில் படுகிறதென்று அடம்பிடித்த கடைக்குட்டியை நர்கிஸ் சாக்லேட் தருவதாகச் சொல்லி நடக்கவைத்தார். அந்தக் குழந்தை ரிஷி கபூர்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஜோடி அப்போதே வந்துவிட்டது. 1953இன் ‘ஆஹ்’ படத்திலும் நாயகன் ராஜ்தான். தமிழில் ‘அவன்’ என்ற பெயரில் மொழிமாற்றம் செய்யப்பட்டு, ஏ. எம். ராஜா, ஜிக்கி பாடல்களோடு ஓடியது. இருவரும் நாயகன் நாயகியாக நடித்த கடைசிப் படம் ‘சோரி சோரி’ (1956), நம் ஏவிஎம் எடுத்தது. அதில் நாயகன் பெயர் சாகர். அதே ஆண்டு ‘ஜாக்தே ரஹோ’வில் நர்கிஸ் கடைசிக் காட்சிக்கு மட்டும் வந்து, இரவெல்லாம் தாகத்தோடு அலைந்தவன் கையில் தண்ணீர் வார்க்கிறார். அவனுக்குப் படத்தில் பெயரே கிடையாது.

பிறகு நீண்ட காலம் இந்தப் பெயர் ‘ராஜு’ என்று சுருங்கி, கங்கைக் கரை நாடோடியாகவும் சர்க்கஸ் கோமாளியாகவும் திரிந்தது. 1970இல் ‘மேரா நாம் ஜோக்கர்’ விழுந்து ராஜ் கபூரைக் கடனில் தள்ளியது. 1973 செப்டம்பரில் ‘பாபி’ வந்தது. ராஜ் கபூர் திரையில் இல்லை, ராஜ் இருக்கிறான். மழைக்கோட்டுக் குழந்தைதான் அவன். பாபி கதவைத் திறக்கிறாள், கையெல்லாம் மாவு, அந்தக் கையாலேயே கூந்தலை ஒதுக்கி நெற்றியில் மாவைப் பூசிக்கொள்கிறாள். ராஜ் கபூர் முதன்முதலில் ஜத்தன்பாயைத் தேடிப்போன நாளில் பக்கோடா போட்டுக்கொண்டிருந்த நர்கிஸ் கதவைத் திறந்த விதம் அது. அந்தக் கணத்தைத் தன் பெயரோடு சேர்த்து மகனிடம் கொடுத்துவிட்டார். ஒரு ரசிகனாக, இந்திச் சினிமாவில் எனக்கு மிகவும் பிடித்த கதவு இதுதான்.

அதே 1973 மே மாதத்தில் அமிதாப் பச்சனின் ‘ஜஞ்சீர்’ வந்து விஜய் என்ற பெயரையும் நிலைநாட்டியிருந்தது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் விஜயின் காலம். கோபக்காரனுக்கு ஜோடி இரண்டாம்பட்சம்.

1988 ஏப்ரல் 29 அன்று ‘கயாமத் சே கயாமத் தக்’ வெளியானது. ஆமிர் கானின் பெயர் ராஜ். ஜூஹி சாவ்லா ரஷ்மி. இரண்டு வீட்டுத் தகப்பன்மாரும் பகையாளிகள். இங்கே ராஜ் தோற்கிறான், இருவரும் சாகிறார்கள். படம் வந்து மூன்று நாள் கழித்து, மே 2 அன்று, டெல்லியில் ராஜ் கபூருக்குத் தாதா சாஹேப் பால்கே விருது. ஆஸ்துமாவில் மூச்சுத் திணறி எழ முடியாமல் உட்கார்ந்திருந்தவரிடம், குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் மேடையை விட்டு இறங்கிவந்து விருதைக் கொடுத்தார். ஒரு மாதத்தில், ஜூன் 2 அன்று, அவர் காலமானார். பெயருக்குரியவர் போன அதே கோடையில் அந்தப் பெயர் புதிய தலைமுறையின் கைக்கு வந்திருந்தது.

1995இல் ஆதித்ய சோப்ரா ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ எடுத்தபோது, ராஜ் கபூர் மீதிருந்த பற்றினால்தான் நாயகன் ஷாருக் கானுக்கு அந்தப் பெயரையும் கையில் ஒரு மாண்டலினையும் கொடுத்தார். இங்கே பெயருக்கு ஒரு வால் முளைத்தது: ராஜ் மல்ஹோத்ரா. ஊர்சுற்றி ராஜுக்குக் குலப்பெயர் இல்லாததுதான் கதையே. லண்டன் ராஜுக்குப் பஞ்சாபி கத்ரிக் குலப்பெயர், பணக்காரத் தகப்பன், சிவப்பு விளையாட்டுக் கார் எல்லாம் உண்டு. தாராளமயமான இந்தியா தன் நாயகனை இப்படித்தான் பார்க்க விரும்பியது. அந்த வால் எனக்கு உவப்பானதில்லை. ஆனாலும் பெயரின் சாரம் மாறவில்லை. சிம்ரனின் தாய் நகைகளைக் கையில் கொடுத்து ஓடிப்போகச் சொல்லும்போது ராஜ் மறுக்கிறான். சௌத்ரி பல்தேவ் சிங் தானே மகளின் கையை விட வேண்டும் என்று காத்திருக்கிறான். ரயில் கிளம்பிய பிறகும் காத்திருக்கிறான்.

சிம்ரன் என்ற பெயரைத் தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழக்கியவர் நம் நடிகை சிம்ரன். சமஸ்கிருத ‘ஸ்மரண’ பஞ்சாபியில் ‘சிம்ரன்’ ஆனது; நாம் நாமஸ்மரணை என்பதை சீக்கியர்கள் ‘நாம் சிம்ரன்’ என்பார்கள். விடாமல் நினைப்பது என்று பொருள். ரீட்டா, வித்யா, பாபி, ரஷ்மி, சிம்ரன் என்று பெண்ணின் பெயர் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறக்க, ஆணின் பெயர் மட்டும் பரம்பரைச் சொத்துப்போலக் கைமாறியிருக்கிறது. ரீட்டாவுக்கும் ஒரு வாரிசு இருந்திருக்கலாம். எந்த இயக்குநருக்கும் தோன்றாதது எனக்கு வருத்தம்தான்.

ஆதித்ய சோப்ராவின் இரண்டாம் படம் ‘மொஹப்பதேன்’ (2000). அங்கும் ராஜ், கையில் இப்போது வயலின். ‘பர்சாத்’தில் ஒரு கையில் வயலினும் மறுகையில் நர்கிஸுமாக ராஜ் கபூர் நின்ற கோலம்தான் அவருடைய ஆர்கே நிறுவனத்தின் சின்னமானது என்பது நினைவுக்கு வராமல் போகாது. கல்லூரித் தலைவராக, இறந்துபோன காதலியின் தகப்பனாக, எதிரே நிற்பவர் அமிதாப் பச்சன். முன்னாள் விஜயின் முன்னால் ராஜ் சம்மதம் கேட்டு நிற்கிறான்! மூன்று ஆண்டு கழித்து ‘பாக்பான்’ படத்தில் அமிதாபுக்கே ராஜ் மல்ஹோத்ரா என்ற பெயர் வந்தது. அங்கே பிள்ளைகள் கதவைச் சாத்துகிறார்கள், கிழவனும் கிழவியும் காதலர்கள்.

2008இல் ஆதித்ய சோப்ராவின் ‘ரப் நே பனா தி ஜோடி’. அமிர்தசரஸில் மின்சாரத் துறையில் வேலை பார்க்கும் கூச்ச சுபாவமுள்ள சுரீந்தர், தன் மனைவி தானியின் மனதில் இடம்பிடிக்க மீசையை எடுத்து, இறுக்கமான சட்டை போட்டு, வேறு ஆளாக நடனப் பள்ளிக்குப் போகிறான். அவன் வைத்துக்கொள்ளும் பெயர் ராஜ். அவனை அப்படி அலங்கரித்து அனுப்பும் சலூன்கார நண்பனின் பெயர் பாபி. இதற்குள் ராஜ் என்பது ஆளின் பெயர் என்ற நிலை தாண்டி, காதலனாகத் தெரிய வேண்டியவன் எடுத்து மாட்டிக்கொள்ளும் வேஷம் ஆகிவிட்டது. நடுவில் ஒரு பாட்டில் ஷாருக் கான் பழைய நாயகர்களாக ஒவ்வொருவராக மாறி வருகிறார். ராஜ் கபூராக வரும்போது பக்கத்தில் நர்கிஸாக நிற்பவர் கஜோல். தானி கடைசியில் ராஜோடு ஓடிப்போகாமல் சுரீந்தரோடு இருக்க முடிவுசெய்கிறாள். நடனப் போட்டி மேடைக்கு மீசையும் கண்ணாடியுமாக ஏறிவருபவன் சுரீந்தர்தான்.

ஆதித்ய சோப்ரா அடுத்து இயக்கிய படம் 2016இன் ‘பேஃபிக்ரே’. கதை பாரிஸில் நடக்கிறது. காதலர்களை எந்தத் தகப்பனும் மறிக்கவில்லை. பெண்ணின் பெற்றோர் அவனைச் சிரித்தே வரவேற்கிறார்கள். நாயகனுக்கு ராஜ் என்று பெயர் வைக்கவில்லை. தரம் என்று வைத்தார். 1995இல் மாண்டலினோடு வந்த ராஜுக்கு அப்பா பெயர் தரம்வீர்.